லைன் கிளியர்

முதலில் மெய்யைச் சொல்வாள் ரஞ்சிதம்:
க், ங், ச், ஞ்…
கண்ணை மேலே உருட்டினால் நிறுத்துவாள்.
பிறகு உயிர்:
அ, ஆ, இ, ஈ…
இரண்டும் கூடினால் ஓர் எழுத்து.
கூடாமலும் கிடக்கலாம்,
நான் கிடக்கிறேன்.
ஔ-வை மட்டும் விட்டுவிட்டோம்.
இந்த வீட்டில் அதற்கு வேலையில்லை.

முதுகு என்று தொடங்கினால்
மு-விலேயே திருப்பிப் படுக்கவைப்பாள்.
பாதியில் புரிந்துகொள்வது அவள் குணம்.
அதனால்தான் அந்த ஒரு வாக்கியத்துக்குப்
பதினோரு நாள் ஆனது.

சா என்றேன்.
சாதமா?
இல்லை.
மறுநாள் சா.
சாமியா? சேர்வராயனுக்கு ஏதும் நேர்ந்துக்கணுமா?
இல்லை.
மூன்றாம் நாள் க-வும் சேர்ந்தது.
எழுந்து போனாள்.
அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்து
வெகுநேரம் சுற்றி ஓய்ந்தது.

ஒரு வாரம் எழுத்தே இல்லை.
பசிக்குதா, குளிருதா, அவ்வளவுதான்.
பத்தாம் நாள் ராத்திரி
பழைய கரண்ட் பில்லைத் திருப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
"சொல்லு. எழுதுறேன்."

இருபத்திரண்டு வருஷம்
ஏற்காடு செக்‌ஷனில் வயர்மேன் நான்.
கம்பியைத் தொடுமுன்
எழுத்தில் வாங்க வேண்டும் லைன் கிளியர்:
இன்ன ஃபீடர், இன்ன நேரம், கையெழுத்து.
இறங்கியபின்
எழுத்திலேயே திருப்பித்தர வேண்டும்.
நாகலூர் போகும் வழியில்
சில்வர் ஓக் கிளை விழுந்த மறுநாள்
வாங்கிக்கொண்டுதான் ஏறினேன்.
ஏதோ ஒரு பங்களா ஜெனரேட்டர்
பின்வழியாக அனுப்பியது கரண்டை.
இருபத்தெட்டு அடி.
கழுத்து.

யாரோ என் பெயரில்
கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.
ஆறரைக்கெல்லாம் மலை முழுக்க வெளிச்சமாம்.

மனுவில் இதைத்தான் சொன்னேன்:
ஐயா, வேலை முடிந்துவிட்டது.
இறங்க முடியவில்லை.
அன்று போல இன்றும் யாராவது
எனக்காக ஒரு கையெழுத்து.

திங்கட்கிழமை
முதல் பஸ்ஸில் இருபது வளைவும் இறங்கி
சேலம் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றாள்,
பட்டா கேட்பவருக்கும்
சாக்கடை அடைத்துக்கொண்டவருக்கும் நடுவே.
மனுவை இரண்டு தடவை படித்தாராம் அந்த அம்மா.
"இதுக்குத் துறை இல்லியேம்மா" என்று
மெல்லச் சொன்னாராம்.
ஆனாலும் முத்திரை குத்தி
ஒரு எண் கொடுத்தாராம்.

நாற்பது நாளில் பதில் வந்தது.
ஜீப்பில்.
நீல நிறம், தலைக்குத் தாங்கி,
மூன்று பட்டை, நான்கு சக்கரம்.
பெற்றுக்கொண்டதாகக்
கட்டைவிரல் ரேகை வேண்டும் என்றார்கள்.
என் விரலை அவள்தான் தூக்கி வைத்தாள்.
மனு முடித்துவைக்கப்பட்டது.

ஜன்னல் பக்கம் என்னை நிறுத்திவிட்டு
அன்று சாயங்காலம் சொன்னாள்,
என்னைப் பார்க்காமல்,
மிளகைப் புடைத்துக்கொண்டே:
"நீ கேட்டதைக் கொண்டுபோய்க் குடுத்தேன்.
குடுக்கையில
வாங்கிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.
ரெண்டும் நாந்தான்."

கண்ணை மேலே உருட்டினேன்.
ஆமாம் என்பதற்கும்
தெரியும் என்பதற்கும்
என்னிடம் ஒரே அசைவு.

என் வாக்கியத்தை நான் திரும்பப் பெறவில்லை.
அலமாரியில் இருக்கிறது நகல்,
மாத்திரைச் சீட்டுகளோடு.
அவளும் கிழிக்கவில்லை.

நேற்று ராத்திரி மழையில் கரண்ட் போனது.
காற்றுமெத்தையின் மோட்டார் நின்றதும்
வீடு எத்தனை பெரிது என்று கேட்டது.
மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு
மணிக்கொரு தரம் புரட்டினாள் என்னை.
அந்தப் பக்கம் மட்டும் இருட்டென்றால்
ஜம்பர் போயிருக்கும்.
இந்த ஈரத்தில்
கம்பம் வழுக்கும்.

மூன்றரைக்கு வந்தது.
மோட்டார் மூச்சு வாங்கியது.
தூங்காத கண்ணைப் பார்த்துவிட்டு
ஆரம்பித்தாள்:
க், ங், ச்…
ப்-பில் நிறுத்தினேன்.
ஐ-யில் நிறுத்தினேன்.
"பையா?"
குனிந்து மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தாள்.
நிறையவில்லை.

இல்லை ரஞ்சிதம்.
இன்னும் எழுத்து இருக்கிறது.
பையன்.
கம்பத்தில் ஏறினவன்.
இறங்கிட்டானா?