எஃப் ஏழு

வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டரில்
ரிப்போர்ட் அடிக்கிறவள் நான்.
மூளை நன்றாக இருக்கிறது என்பதற்கு எஃப் மூன்று.
ரத்தக்கசிவு இல்லை, எஃப் நான்கு.
சைனஸில் சவ்வு தடித்திருக்கிறது,
தற்செயலாகக் காணப்பட்டது என்பதற்கு
எஃப் ஏழு.
டாக்டர் ஆவுடையப்பன் படத்தை உருட்டிக்கொண்டே
"ஏழைப் போடும்மா" என்பார்.
சேர்ந்த புதிதில் அது எனக்கு
வேறு மாதிரிக் காதில் விழுந்தது.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து விழும்.
பைக்கில் சறுக்கியவர், குளியலறையில் வழுக்கியவர்,
போதையில் வாய்க்காலுக்குள் கிடந்தவர்.
ஒரு வீட்டில் துட்டி விசாரிக்கப் போய்
பக்கத்து வீட்டு ஒட்டடையைப்
பார்த்துவிட்டு வருவது மாதிரி.
மூளை நன்றாக இருக்கிறதென்றால்
கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

செய்யதலி பாத்திமா படித்தாள்.
படித்துச் சொன்னது மகன்,
பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
மேலப்பாளையம், வயது நாற்பத்தொன்று.
கொக்கிரகுளம் வேகத்தடையில்
அவன் பைக்குக்குப் பின்னாலிருந்து விழுந்தவள்.
புருவத்தில் நாலு தையல்.
மூன்று, நான்கு, ஏழு.

மறுநாள் சாயங்காலம் கவரோடு வந்துவிட்டாள்.
"மண்டைக்குள்ள ஒண்ணுமில்லன்னுட்டாவ.
கடேசில என்னமோ எழுதிருக்காமே, அது என்னம்மா?"

டாக்டர் தூத்துக்குடி போயிருந்தார்.
"ஒண்ணுமில்லக்கா, சளிதான்.
நெறய பேருக்கு இருக்கும்."
என் வாய்க்குள்ளும் ஒரு எஃப் ஏழு இருக்கிறது.

"படத்துல தெரியுதா?"

காட்டக் கூடாது. காட்டினேன்.
காற்று இருக்கிற இடமெல்லாம் கறுப்பு என்றேன்.
வலது கன்னத்துக்குள் நல்ல கறுப்பு.
இடது கன்னத்துக்குள்
கஞ்சித் தண்ணியின் நிறம்.

"மிச்சத்தக் காட்டு."

மிச்சம் இல்லை.
மூளைக்கு எடுக்கிற படம்
பாதிக் கன்னத்தோடு நின்றுவிடும்.
அதற்குக் கீழே இறங்க வேறு கட்டணம்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு கம்பெனியில் கட்டு எண்ணிக் கொடுக்கிறவள் போல,
"பதிமூணு வயசுல சுளவ மடியில வச்சேன்.
மூத்தவ பொறந்தப்ப பிள்ள மணம் தெரிஞ்சுது.
இவன் பொறந்தப்ப தெரியல.
ஆணம் அடிப்பிடிச்சா
பக்கத்து வீட்டுக்காரிதான் சத்தம் போடுவா.
மூக்குச் செத்தவன்னு எங்க மாமி ஏசும்.
வேணும்னு செய்யுதேன்னு சொல்லும்."
விரலால் திரையைத் தொட்டாள்.
"இந்தா, படத்துலயே இருக்கே."

கேஸ் ஜெயித்த முகம்.
மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மூக்கு டாக்டருக்குச் சீட்டுப் போடுங்கக்கா என்றேன்.
"ஒரு நா போனா ஆயிரம் பீடி போயிருமே" என்றாள்,
நான் ஏதோ நகை வாங்கச் சொன்ன மாதிரி.
இன்னொரு பிரதி மட்டும் கேட்டாள்,
மாமிக்குக் காட்ட.
ஐம்பது ரூபாய்.
செல்போன் உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவள் போன பிறகும் நாற்காலியில்
புகையிலை உட்கார்ந்திருந்தது.
ஏசி அறை, கதவைத் திறந்து வைக்க முடியாது.
என் துப்பட்டாவில், விசைப்பலகையில்,
டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்சாதத்தில்.
இருபத்தெட்டு வருஷமாக
அவளைத் தவிர எல்லோருக்கும்
தெரிந்துகொண்டிருந்த ஒன்று.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார்.
மூக்கைச் சுளித்தார்.
"யாரு வந்துட்டுப் போனா?"
பெயரைச் சொன்னேன்.
யாரென்று பிடிபடவில்லை அவருக்கு.
முகங்களை அவர் உள்ளிருந்துதான் பார்க்கிறார்.

அடுத்த படம் உருண்டது.
தாழையூத்து, ஆண், முப்பத்தாறு,
ஏணியிலிருந்து விழுந்தவர்.
மூளை நன்றாக இருக்கிறது.

"ஏழை" என்று தொடங்கினார்.
அதற்குள் என் விரல்
போய்விட்டிருந்தது.