ஈ காக்கை இல்லாத வீடு

யாருமற்ற இடத்தை
ஈ காக்கை இல்லை என்போம்.
கிரீன்லாந்தின் மேற்குக் கரையில்,
கடல் உள்ளே வளைந்து வளைந்து
பனிப்பாறையிடம் தோற்றுப்போகும் மூலையில்
அப்படியொரு வீடு, கூரை போய், சுவர் பாதி போய்.
காக்கை இருந்தது. அண்டங்காக்கை, இரண்டு.
ஈயைத் தேடித்தான் ரக்ன்ஹெய்துர் வந்திருந்தாள்.

ஜூலை. உறைந்த மண்
நாளுக்கு நான்கு விரற்கடை இளகும்,
அதற்குமேல் யார் கெஞ்சினாலும் இளகாது.
இளகியதும் நாறியது
அறுநூறு ஆண்டுப் பழைய சாணம்,
நேற்றுப் போட்டதுபோல,
கூச்சமே இல்லாமல்.

படகுக்காரி பிப்பாலுக் மூக்கைப் பொத்திக்கொண்டு
"மாடா? இந்தக் குளிரிலா?" என்றாள்.
மாடுதான். கப்பலில் வந்த நார்ஸ்காரர்கள்
மாட்டையும் மணியையும் மாதாவையும் கொண்டுவந்திருந்தார்கள்.
குளம்புகளை எண்ணினார்கள். இருபது.
ஐந்து மாடு, ஒரே அடுக்கில், ஒரே குளிர்காலத்தில்.
விதைநெல்லைக் குத்தித் தின்ற வீடு.
அதற்கும் மேலே வேட்டைநாயின் எலும்பு,
எலும்பில் கத்தித் தடம்.
பிப்பாலுக் எழுந்து படகுக்குப் போய்விட்டாள்.
அவளிடம் பதினோரு நாய்கள் உண்டு.

ஒரு கரண்டிக் காம்பு கிடைத்தது.
அதில் ரூன் எழுத்தில், தோர்கட்லா.
தோர்கட்லா கிடைக்கவில்லை.
மனித எலும்பு ஒரு பல் அளவுக்குக்கூட இல்லை.

நவம்பர், கோபன்ஹேகன்.
மண்ணைக் கரைத்து மண்ணெண்ணெய் ஊற்றினால்
மண் அமிழும், ஈ மிதக்கும்.
ஈ என்றால் ஈ அல்ல,
அது கழற்றிப் போட்ட கூட்டுப்புழு ஓடு,
தவிட்டுத் துகள் அத்தனை.
வியாபாரம் படுத்தவன் ஈ ஓட்டுவான்;
இவள் சம்பளத்துக்கு ஈ எண்ணினாள்.

படுக்கையறை, கீழடுக்கு:
சூடு இல்லாமல் பிழைக்காத ஈ, ஆயிரக்கணக்கில்.
அடுப்பு எரிந்தது. யாரோ இருமினார்கள்,
யாரோ வைக்கோலைத் திருப்பிப் போட்டுப் படுத்தார்கள்.
அதே அறை, அடுத்த அடுக்கு:
குளிர் தாங்கும் ஈ, அழுகல் தேடும் ஈ.
சாம்பல் ஆறிய நாள் எது என்று
எந்தப் பாதிரியும் எழுதி வைக்கவில்லை.
ஈ வைத்திருந்தது.

இத்தோடு முடித்திருக்கலாம்.
எல்லோரும் எதிர்பார்த்த முடிவும் இதுதான்.

நாற்பத்தொன்றாம் மாதிரி,
குளிர் ஈக்களுக்கும் மேலே,
ஏழு ஓடுகள். சூட்டு ஈ.

சல்லடை அழுக்கோ என்று கழுவினாள்.
எலி பறித்த வளையோ என்று வரைபடத்தைப் பார்த்தாள்.
மீதி மண்ணைக் கரைத்தாள். மேலும் நான்கு.
அணைந்த வீட்டில்
மறுபடி ஒரு மாதமாவது தீ எரிந்திருக்கிறது.

தொலைபேசியில் பிப்பாலுக், பின்னால் நாய்ச் சத்தம்:
"எங்கள் ஆட்களாக இருக்கும். காற்றுக்கு ஒதுங்கியிருப்போம்."
"ஒரு மாதமா?"
"எங்கள் காற்று அப்படி."
"அந்த ஈ தானாக வராது, பிப்பாலுக்.
இன்னொரு சூடான வீட்டிலிருந்து
துணியிலோ வைக்கோலிலோ ஒட்டிக்கொண்டு வந்தாக வேண்டும்."

கொஞ்ச நேரம் நாய்கள் மட்டும்.

"அப்படியென்றால் அந்த இன்னொரு வீடு எங்கே?"

ஈ என்றால் கொடு என்றும் பொருள் நம்மிடம்.
பதினொன்று கொடுத்துவிட்டு
மண் கையை மூடிக்கொண்டது.
கரண்டியை மறந்தவள் அதற்காகவே திரும்பினாளோ,
திரும்பியும் எடுக்காமல் போனாளோ,
வேறு யாரோ அவள் அடுப்பில் மீன் சுட்டார்களோ.

அறிக்கையின் அடிக்குறிப்பு ஒரே வரி:
மாதிரி 41, மேல்மட்டம், பதினொன்று. விளக்கம் நிலுவையில்.

"ஜூனில் பனி உடைந்ததும் வா,
வடக்குக் கிளையில் ஒரு கல்குவியல் பார்த்திருக்கிறேன்,"
என்றாள் பிப்பாலுக்.
"எரிபொருள் காசு மட்டும் முன்னாலேயே அனுப்பிவிடு."