முப்பத்தோராம் நாளுக்கு முன்

செவ்வாய் காலை டிக் டிக் என்றது.
பல்லி எந்தத் திசையில் சொல்கிறதென்று
சுவரைப் பார்த்தேன். பல்லி இல்லை.
மேசைக்குக் கீழே, கறுத்தப் பெட்டிக்குள்,
நாற்பது ஜிபி
எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்து
தவறவிட்டு
திரும்பவும் எட்டிக்கொண்டிருந்தது.

கல்வெட்டு அடிப்பது என் தொழில்.
கல்லில் இல்லை, பளபளத் தாளில்:
படம், தேவாரம், வம்சாவளி,
கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.
கோண்டாவிலில் இருந்து சுன்னாகம் மட்டும்
செத்தவர்களில் நானூறு பேர்
என்னிடம் பாமினி எழுத்தில் இருக்கிறார்கள்.
புது மெஷினில் திறந்தால்
கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம்.

"புதுசாவே ஒண்டு வாங்குங்கோவன்" என்றாள் சுகிர்தா.
"பிறகு நானூறு பேரையும் ஆர் திருப்பி அடிக்கிறது?"
"செத்தவை வந்து கேக்கப் போகினமே?"
அவை வராயினம்.
ஆண்டுத் திவசத்துக்கு
பிள்ளைகள் ரொறொன்ரோவில் இருந்து கோல் எடுப்பினம்.

நாலு ஆணியைக் கழற்றி
துவாயில் சுற்றி
ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே வைத்து
ஸ்ரான்லி வீதிக்குக் கொண்டுபோனேன்.
பள்ளம் வந்த இடமெல்லாம் உருட்டிப் போனேன்.

கடையில் மதுரூபன் வயரைப் பார்த்தான்.
"அண்ணை, இது அகலப் பட்டி.
இந்தச் சாமான் இப்ப வாறேல்லை."
என்றாலும் கண்ணாடி மேசையில் இரண்டை வைத்தான்.

ஒன்று புதியது. எஸ்எஸ்டி.
தீப்பெட்டியைவிடப் பாரம் குறைவு.
சுழலாது, சுடாது, சத்தமில்லை,
மூன்று வருஷ வாறன்ரி.
இடையில் ஒரு அடப்டர் போடவேணும்,
"உங்கட போர்ட் பிடிக்குமோ தெரியாது,
பிடிச்சா பறக்கும்."

மற்றது எண்பது ஜிபி.
ஏதோ வங்கியில் கழற்றியது,
ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.
கேபிளைக் கொழுவி, திரையில் காட்டினான்:
ஓடிய மணித்தியாலம் 19,412.
பழுதான இடம்: இல்லை.
பழக்கதோஷம், மனதுக்குள் வடிவமைத்தேன்:
தோற்றம் தாய்லாந்து, 2005.
மறைவு, கோடு போட்டு விட்டேன்.

புதியதைக் கையில் எடுத்துக் கேட்டேன்:
"இது பழுதாகேக்க முதல் ஏதும் காட்டுமே?"
"காட்டாது அண்ணை. இண்டைக்கு இருக்கும்.
நாளைக்குப் போட்டா இராது."

இருபது வருஷமாக அடிக்கிறேன்.
'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று தொடங்கும் வீட்டில்
கதிரை தருவினம், தேத்தண்ணி தருவினம்,
எழுத்துப் பிழை பார்ப்பினம்.
'திடீரென' என்று தொடங்கும் வீட்டில்
ஆருக்கும் ஒன்றும் தெரியாது,
எந்தப் படத்தைப் போடுவது என்றுகூட.
மிச்சக் காசு கேட்க எனக்கு வாய் வராது.

"எண்பதைத் தாரும்" என்றேன்.
மூவாயிரத்து எண்ணூறு.
மதுரூபன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
பில் போட்டான்.

இரவு முழுக்க இதில் இருந்து அதற்கு.
பழையது டிக் என்றால் நானும் நிற்பேன்.
கறண்ட் போகக்கூடாதென்று
நல்லூர்ப் பக்கம் ஒருக்கால் பார்த்துக் கும்பிட்டேன்.
விடிய நாலரைக்கு முடிந்தது.
ஒருவரைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள்.

வராதவர் அம்பலவாணர்.
இ.போ.ச. நேரக்காப்பாளர், இளைப்பாறியவர்,
இணுவிலில் உயிரோடு இருக்கிறார்.
தன் கல்வெட்டைத் தானே எழுதித் தந்து
வருஷா வருஷம் வந்து திருத்துகிறவர்.
விடிந்ததும் போன் எடுத்தேன்.
"ஐயா, குறை நினைக்காதேங்கோ,
உங்கடை மட்டும் அழிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு செருமினார்.
"நல்லதாப் போச்சு தம்பி.
மூத்த மருமகன்ர பேரை எடுக்கவேணும்,
சொல்ல வெக்கமாக் கிடந்தது.
வெள்ளிக்கிழமை வாறன், முதல்ல இருந்து அடிப்பம்."

"வரேக்க பழைய பிரிண்டைக் கொண்டுவாங்கோ,
பார்த்து அடிக்கலாம்."

"அதை அவன் கண்டிட்டான்," என்றார்.
"இப்ப கோவத்தில இருக்கிறான்."