மூன்றடி நாலங்குலம்

எதையும் துடைக்காதீர்கள் என்றேன்.
தம்புச் செட்டித் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்,
என் அறையில் அவர்
ஈரச் செருப்போடு உட்கார்ந்திருந்த அன்று.

முடிச்சூரில் தனி வீடு. கடன் இன்னும் பதினொரு வருடம்.
எத்திராஜுலு, பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு.
பாலிசியைப் பால் கவரில் சுற்றிப்
பரண்மேல் போட்டிருந்திருக்கிறார்.
"அது ஒண்ணுதாம்மா காய்ஞ்சு இருந்துச்சு."

சர்வேயர் வந்தது இருபது நிமிடம்.
ஷூ நனையாமல் வாசற்படியில் நின்றே
எழுதிக்கொண்டு போனார்:
நாட்பட்ட ஈரக்கசிவு. பராமரிப்புக் குறை.
வெள்ளம் என்ற சொல் அறிக்கையில் எங்கும் இல்லை.
அடையாறு வந்து சோபாவை மிதக்கவிட்ட இரவுக்குக்
கசிவு என்று பெயர்.

நானும் சொற்களால் பிழைப்பவள்தான்.
ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க
ஃபீஸ் வாங்குகிறவள்.
சுவரில் கோடு இருக்கிறதா என்று கேட்டேன்.
இருந்தது. தரையிலிருந்து மூன்றடி நாலங்குலம்,
ஆறிய டீயின் நிறத்தில்,
கூடத்தைச் சுற்றி ஓர் அரைஞாண்போல.

சுண்ணாம்பு படக்கூடாது. பெயிண்ட் கூடவே கூடாது.
அதுதான் உங்கள் சாட்சி என்றேன்.

பிறகு வாய்தா.
எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா.
ஆணையத்தில் உறுப்பினர் இடம் காலி,
எட்டு மாதம் வாய்தா.
ஒவ்வொன்றுக்கும் வந்தார், தாம்பரம் லோக்கலில்,
பீச் ஸ்டேஷன்வரை நின்றபடி.
வரும்போதெல்லாம் ஒரே சேதி:
"கோடு அப்படியேதாம்மா இருக்குது."

நடுவில் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.
மனைவி அம்சவேணி, நகைக்கடைக் காலண்டர்கள்
ஆறோ ஏழோ, வரிசையாகத் தாழ மாட்டி
மறைத்துவைத்திருந்தாராம்.
ஒன்று காற்றில் விலக,
இது என்ன என்று யாரோ கேட்க,
"கேஸ் நடக்குது" என்றிருக்கிறார் இவர்.
அவர்கள் வேறென்னவோ கேஸ் என்று எடுத்துக்கொண்டு
பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்கள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
நான் கோப்பைப் புரட்டினேன்,
தேட எதுவும் இல்லாமல்.

ஆறாம் வருடம் தீர்ப்பு.
பத்தி பதினான்கு: கசிவு அல்ல, வெள்ளம்.
தேய்மானம் கழித்து, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
வட்டி உண்டு.
மன உளைச்சலுக்கு இருபத்தைந்தாயிரம்;
அதை எந்த டேப் வைத்து அளந்தார்கள் என்று
தீர்ப்பில் இல்லை.
கம்பெனி அப்பீல் போக நாற்பத்தைந்து நாள்.
அதுவரை பொறுங்கள் என்றேன்.

நாற்பத்தாறாம் நாள், காலை ஏழுக்கு போன்.
செக் எப்போது வரும் என்று கேட்பார்,
பதிலை யோசித்துக்கொண்டே எடுத்தேன்.
"மேடம், இப்ப அடிச்சுக்கலாங்களா?"
எதை என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

அடியுங்கள் என்றேன்.
என்ன கலர் என்று கேட்டேன்.
அதற்கு அவர் தயாராக வரவில்லை.
"இருங்க, அம்சாவைக் கேட்கிறேன்."
போனை எங்கேயோ வைத்துவிட்டு உள்ளே போனார்.

ரொம்ப நேரம் ஆள் வரவில்லை.
நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்,
ஆணியிலிருந்து ஒவ்வொரு காலண்டராக
இறங்கும் சத்தத்தை.