கூலி பாக்கி

கூலி இன்னும் வரவில்லை.
வேலை சரியில்லை என்கிறார்கள் கோயிலில்.
சொல்லட்டும். நடந்ததை நானும் சொல்கிறேன்.

எபெனேசரில் ஜெயித்த கையோடு
அந்தப் பெட்டியைத் தூக்கி வந்து
தாகோனின் பக்கத்தில் வைத்தார்கள்.
அஸ்தோத் முழுக்க மேளம், புளித்த மது.
தோற்றவனின் கடவுள்
ஜெயித்தவனின் கடவுளுக்கு வாசல் காக்கட்டும் என்று
குடித்துக் கூத்தாடியவர்களில் நானும் ஒருவன்.

விடிந்து பார்த்தால்
தாகோன் குப்புறக் கிடந்தார்,
பெட்டியின் முன்னால், மூக்கு தரையில் பதிய.
நிலம் ஆடியிருக்கும் என்றார் பூசாரி மித்தின்தி.
விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தியிருக்கவில்லை.
அதை யாரும் பேசவில்லை.

எட்டுப் பேர், நாலு வடம், ஒரு நெம்புகோல்.
தூக்கி நிறுத்தினோம் கடவுளை.
“கும்பிடுகிறவன்தான் கைதூக்கி விடணுமா?”
என் ஆள் சில்பேல் முணுமுணுத்தான்.
வாயை மூடு, வடத்தைப் பிடி என்றேன்.

அப்புறம்தான் என் வேலை.
கணுக்காலைச் சுற்றி இரும்புப் பட்டை,
பீடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு ஆறு ஆணி,
குழிகளில் உருக்கிய ஈயம்.
இனிக் கடலே எழுந்து வந்தாலும் அசையாது என்று
மித்தின்தியின் முகத்துக்கு நேரே சொன்னேன்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள்
தலை வாசற்படியில்.
கைகள் இரண்டும் வாசற்படியில்,
உளி வைத்து அறுத்ததுபோல்.
முண்டம் குப்புற.
பாதங்கள் மட்டும் பீடத்தின்மேல், என் பட்டைக்குள்,
நான் விட்டு வந்தபடியே.
ஆறு ஆணியில் ஒன்றுகூட அசையவில்லை!
இதைத்தான் வேலை சரியில்லை என்கிறார்கள்.

பெட்டி வைத்த இடத்தில் இருந்தது.
அதன்மேல் படிந்த வழித்தூசியும் கலையவில்லை.

அன்றிலிருந்து அந்தப் படியை யாரும் மிதிப்பதில்லை,
தாண்டுகிறார்கள்.
தொந்தியைப் பிடித்துக்கொண்டு மித்தின்தி தாண்டுவதை
எலிகள் நின்று பார்க்கின்றன.
எலிகள், அது தனிக்கதை. பின்னாலேயே வந்த கட்டிகளும்.
என் பட்டறையில் இப்போது உட்கார்ந்து பேரம் பேசுவார் இல்லை;
எல்லாம் நின்றபடிதான்.

பெட்டியைக் காத் ஊருக்கு அனுப்பினார்கள்,
அங்கிருந்து எக்ரோனுக்கு.
போன இடமெல்லாம் ஒப்பாரி.
ஏழாம் மாதம், புதுவண்டிக்கு அச்சாணி வேண்டும் என்று
எக்ரோனிலிருந்து ஆள் வந்தது.
விலை சொல்லாமல் அடித்துக் கொடுத்தேன்,
கூடவே போனேன்.

நுகம் அறியாத இரண்டு கறவைப் பசுக்கள்.
கன்றுகள் தொழுவத்தில் கதறின.
ஓட்டுபவன் இல்லை, தார்க்கோல் இல்லை.
மடி கனக்க, கத்திக்கொண்டே
நேராக நடந்தன பெத்ஷிமேஸ் சாலையில்.
ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
பசுக்களுக்குத் தெரிந்திருந்தது.
நாங்கள்தான் ஆணி அடித்துக்கொண்டிருந்தோம்.

கோயில் கூட்டிய குப்பையிலிருந்து
ஒரு கட்டைவிரலை எடுத்து வந்திருந்தேன்,
பாக்கிக்கு ஈடாக.
கடற்காற்றில் பட்டறைக் கதவு அடிக்காமல் இருக்க
அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
நல்ல கல், கனமான கல்.

பெருங்காற்று வந்தால் மட்டும்
அதுவும் நகர்ந்துவிடுகிறது.