மூவருக்கு மட்டும்

முதுநகர்ப் பள்ளி மைதானத்தில்
முழு வட்டம் கிடையாது.
வளைவில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.
அதில் இடிக்காமல் திரும்பத் தெரிந்தவள் என்பதால்
தொடரோட்டத்தில் வளைவு எனக்கு.
மூன்றாவது ஆள்.

முதல் ஆள் வினோபிரியா,
விசிலுக்குப் பயந்தே வேகமாகக் கிளம்புவாள்.
அடுத்து பெனாசிர்.
கடைசி ஜெனிலா.
மாவட்டத்தில் அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை,
முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பேட்டன், ஓரடி பிளாஸ்டிக் குழாய்.
பெனாசிர் வாப்பா கடையில் மிஞ்சியதை அறுத்து
முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார்.
நகப்பூச்சால் நாலு கோடு போட்டோம்,
ஆளுக்கொரு நிறம்.

எங்களுக்கு ஒரே சட்டம்:
திரும்பிப் பார்க்கக் கூடாது.
கையைப் பின்னால் விடு. வரும்.

மஞ்சக்குப்பத்தில் முதலிடம் வந்தோம்.
அடுத்த செவ்வாய் சுற்றறிக்கை வந்தது.
நிதிக் குறைப்பு காரணமாக
மண்டலப் போட்டிக்குப் பயணப்படி
பள்ளி ஒன்றுக்கு மூவருக்கு மட்டும்.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்து
மறுபடி படித்தார்.
மூவர்தான்.
"குண்டு ஒண்ணு, ஈட்டி ஒண்ணு, நீளம் தாண்டுறது ஒண்ணு,
கணக்கு சரியாப் போச்சு" என்றார்.
கணக்கு வாத்தியாராக இருந்தவர்.
அவர் எங்களைப் பார்க்கவில்லை.
நாங்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தஞ்சாவூருக்கு பஸ், ஒரு ராத்திரி தங்கல், சாப்பாடு.
சிக்கனமாகப் போட்டும் மூவாயிரத்து எண்ணூறு.
பெனாசிர் உண்டியலில் நூற்றிருபது.
வினோபிரியா அக்காவுக்கு சிப்காட்டில் பத்தாம் தேதி சம்பளம்,
போட்டி ஏழாம் தேதி.
ஜெனிலா அம்மா மீன் ஏலம் எடுத்தால் ஏதாவது பார்க்கலாம்.
துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள்,
எண் மூன்று.
அங்கேயும் மூன்று.

நான் தருகிறேன் என்றார் பி.டி. மிஸ்.
போன வருடம் கைக்காசு போட்டதே
அவருக்கு இன்னும் வரவில்லை.
அது எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.
வேணாம் மிஸ் என்றோம்,
நாலு பேரும் ஒரே மூச்சில்.
பேட்டன் மாற்றும்போதுகூட
அவ்வளவு கச்சிதமாக நாங்கள் சேர்ந்ததில்லை.

ஏழாம் தேதி, பதினொன்று நாற்பது.
வேதியியல் வகுப்பு.
சிப்காட் பக்கமிருந்து காற்று
பாடத்துக்குப் பொருத்தமாக நாறியது.
தஞ்சாவூரில் பெண்கள் நூறு நாலு
இப்போதுதான்.
பெஞ்சுக்கு அடியில் குதிகால்
தானாக எழும்பி நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
கையை மட்டும் பின்னால் விட்டேன்,
உள்ளங்கை மேலே.

மிஸ் ஒரு சமன்பாடு முழுக்க எழுதி முடித்தார்.
கை வலித்தது.
எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது
பின் பெஞ்சிலிருந்து பெனாசிர்
ஸ்கேலை வைத்தாள்,
அழுத்தி, பிடித்தேனா என்று தெரிந்துகொண்டு.

இரண்டு பெஞ்ச் தள்ளி முன்னால்
ஜெனிலாவின் முதுகு.
யாரும் எட்டிப் பிடித்திராத முதுகு
அன்றைக்கு எட்டும் தூரத்தில்
அசையாமல் இருந்தது.
அவள் கை
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது.