எண் தெரியும் வரை

அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தான்.
முதல் கோளாறு அது.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள்
இரும்புப் பெட்டியைத் தனியாகத் திறந்தவன் சென்றாயன்தான்.
லைசென்ஸ் புத்தகம் ஒன்று. ரிவால்வர் இரண்டு.
இத்தனை வருஷமும் ஒன்றென்றே நினைத்திருந்தோம்.

ராயக்கோட்டையில் அவன் தக்காளி மண்டியின் பின்னறை.
காலிக் கிரேட்டுகளுக்கு நடுவே மேசை,
மேலே தினத்தாள்,
அதன்மேல் இரண்டும் தலைமாறிப் படுத்திருந்தன,
ஒன்று துரு, ஒன்று பளபளப்பு.
"ஓசூர்ல இரும்பு அளக்கறவ நீதானே.
புத்தகத்துல இருக்கறது எதுன்னு சொல்லு.
பளபளன்னு இருக்கே, இதுவா இருந்தா நல்லது."

நான் அளப்பது பைக் எஞ்சினுக்குப் போகும் புஷ்.
முடி கனம் கூடினாலும் சிவப்புக் கூடை.
துப்பாக்கி தொட்டது அன்றுதான்.
குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி
மடக்கித் திறந்து
ஆறாறு குழியிலும் டார்ச் அடித்தேன்.
தோட்டா இல்லை.
துருப்பிடித்ததன் மூன்றாம் குழியைக்
குளவி மண் வைத்துப் பூசியிருந்தது.

வெர்னியர் வைத்தேன். வாய் இரண்டும் பதினொரு மில்லி சொச்சம்.
தக்காளித் தராசில் வைத்தேன்.
துருவுக்கு இருபது கிராம் கூடுதல், அவ்வளவுதான்.
இனி எண்தான் பேச வேண்டும்.

துருப்பிடித்ததை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டேன்.
காலையில் பழைய பல் பிரஷ்,
தையல் மெஷின் எண்ணெய்,
சாமி உண்டியலில் கிடந்த செம்புக் காலணா.
செம்பு துருவை மட்டும் தின்னும், எஃகைக் கீறாது.
உப்புத்தாள் எல்லாவற்றையும் தின்னும்.
சொன்னேன். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே ஏலம்.
நூத்தி எம்பது, நூத்தி எம்பது, நூத்தித் தொண்ணூறு...
உள்ளே சட்டத்தின் வலப்பக்கம்
முதலில் ஏழு வந்தது.
அப்புறம் ஒரு நாலு, கால் ஒடிந்து.
கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று
அரைமணி நேரம் காலணா பிடித்தேன். மூன்று.
புத்தகத்திலும் மூன்று.

முப்பாட்டன் திம்மராயன் சாராயக் குத்தகைக்காரர்.
தேன்கனிக்கோட்டை ரோட்டில் குத்தகைப் பணத்தோடு வரும்போது
வழிமறித்த மூன்று பேரைச் சுட்டார் என்பது
கல்யாணத்துக்குக் கல்யாணம் வளரும் கதை.
குழலுக்குள் பார்த்தேன்.
வரிகள் புதுத் திருகாணி போல் கூராக இருந்தன.
தேய்ந்ததெல்லாம் மூக்கு, உறையில் போய் வந்து.
கைப்பிடி அடியில் வட்ட வட்டமாய்ப் பள்ளம்,
பள்ளத்துக்குள் காவிக் கறை.
சுட்டதில்லை மனுஷன்.
பாக்கு இடித்திருக்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

"அப்ப இன்னொண்ணு?"

அது சுட்டது.
குழல் உள்ளே அம்மைத் தழும்பு.
ஆறில் ஐந்து குழி சுத்தம்,
ஒன்றில் மட்டும் கரி, எண்ணெய் தொட்டதும்
பிரஷில் ஒட்டிக்கொண்டு வந்தது.
எத்தனை வருஷத்துக் கரி என்று அளக்க
என்னிடம் கருவி இல்லை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
உப்புத்தாள் எல்லா இடத்திலும் லேசாக ஓடி
எண் இருந்த இடத்தில் மட்டும் குழி விழ ஓடியிருந்தது.
"பளபளப்பா இருக்கட்டுமேன்னுதான்," என்றான்
நான் கேட்காமலே.
"இத ஸ்டேஷன்ல குடுத்துரலாம். பழைய இரும்புன்னு சொல்லி.
நீ எதுவும் எழுதிக் குடுக்க வேணாம்."

டீ சொல்ல வெளியே போனான்.
நூத்தித் தொண்ணூறு, ஒரு தரம்.

ஆணியைக் கழற்றி உருளையைத் தனியே எடுத்தேன்.
செய்கிறவர்கள் எண்ணை ஒரே இடத்தில் அடித்து நம்பிவிடுவதில்லை.
எங்கள் புஷ்ஷிலும் இரண்டு இடம்.
அண்ணனுக்கு அது தெரியாது.
உருளையின் பின்முகத்தில்,
உப்புத்தாள் நுழையாத வளைவில்,
ஐந்து இலக்கம், பல் வரிசை மாதிரி.

மண்டிச் சீட்டு ஒன்றைத் திருப்பி எழுதிக்கொண்டேன்.
எண்ணெய் விரல். முதல் இலக்கம் கொஞ்சம் பரவியது.

இரண்டு டீயோடு வந்தான்.
சர்க்கரை போதுமா என்று கேட்டான்.
போதும் என்றேன்.